பின்னால் வரும் எடை

அபூ நாசர் வீட்டுக்கு அந்தக் கேரவன் வந்து சேர்ந்தது டிசம்பர் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை. குவைத்தில் யாரோ சில குளிர்காலங்கள் பாலைவனத்தில் வைத்துப் புழங்கிவிட்டு விற்றது. இருபத்தெட்டு அடி நீளம். உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் இருந்தன. ரியாத்தின் வடபகுதியில் இருந்த அந்த வீட்டின் கேட்டுக்குள் அது நுழையவில்லை. மதிலை ஒட்டித் தெருவிலேயே நிறுத்தினார்கள்.

பள்ளி அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பம் மொத்தமும் வடமேற்கே தபூக் போவதாகத் திட்டம். அங்கிருந்து லோஸ் மலையடிவாரத்துக்குப் போய்த் தங்கிப் பனி விழுவதைப் பார்க்க வேண்டும். அபூ நாசரின் பேரப்பிள்ளைகள் ஏழு பேரில் ஒருவர்கூடப் பனியை நேரில் பார்த்ததில்லை. பிள்ளைகள் அன்றைக்கே கேரவனுக்குள் ஏறி, யாருக்கு எந்தக் கட்டில் என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அழகுமலை மட்டும் உள்ளே போகவில்லை. தெருவில் குத்தவைத்து உட்கார்ந்து அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த வீட்டு டிரைவர். கமுதிப் பக்கத்துக்காரர், வயது ஐம்பத்தொன்று. சவூதிக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். இழுத்துக்கொண்டு போகிற வண்டியில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

டயர் நான்கிலும் பட்டன் தேயாமல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள். விரலால் மண்ணைத் துடைத்துத் தேதியைப் பார்த்தார். ஒன்பது வருஷத்து டயர். கேரவனின் சக்கரங்களுக்கென்று தனி பிரேக் உண்டு. இழுக்கிற வண்டியிலிருந்து போகும் ஒயர் வழியாக அது பிடிக்க வேண்டும். அந்த ஒயர் பாதியில் அறுந்து, நுனியில் டேப் சுற்றிக் கிடந்தது. காற்றடித்தால் பின்வண்டி ஆடாமல் இருக்க முன்னால் இரண்டு பக்கமும் மாட்டுகிற கம்பிகளையும் காணோம். அவற்றை மாட்டுகிற இரும்புக் காதுகள் மட்டும் துருப்பிடித்து நின்றன.

மூத்த மகன் நாசரிடம் எல்லாவற்றையும் சொன்னார். நாசருக்கு முப்பது வயதிருக்கும். கெட்டவன் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அழகுமலைக்குச் சிறுநீரகக் கல் வலி வந்து துடித்தபோது தானே காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், விடிகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். அவன் காதுகொடுத்துக் கேட்டான். மறுநாளே பட்டறைக்குப் பேசினான். பட்டறைக்காரன் வீட்டுப் பிக்கப் வண்டியில் இழுவைக் கொக்கியை மாட்டி, பின்விளக்குகளை எரிய வைத்துக் கொடுத்தான். பிரேக்குக்கு ஒரு பெட்டி வர வேண்டும், ஆறு வாரமாகும் என்றான். டயரும் அந்த அளவு கைவசம் இல்லை.

"விடுமுறை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். மெதுவாகப் போனால் போதும்தானே? மாஃபி முஷ்கில், ஒன்றும் ஆகாது" என்றான் நாசர்.

மெதுவாகப் போனால் போதும் என்று அழகுமலையும் அப்போது நினைத்தார்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு தும்மாமா சாலையில் ஓட்டிப் பார்த்தார். துணைக்கு கௌஸ் முகம்மதைக் கூட்டிப்போனார். கௌஸ், அபூ நாசரின் தம்பி வீட்டு டிரைவர். தொண்டிக்காரன். முப்பத்துநான்கு வயது. இரண்டு வீடும் ஒரே மதிலுக்குள் இருந்ததால் இரண்டு டிரைவர்களுக்கும் கேட்டை ஒட்டி ஒரே அறை. ஐந்து வருஷமாக ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். கௌஸ் காரை அருமையாக ஓட்டுவான். பத்தா சந்தைக் கூட்டத்துக்குள் பெரிய ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தி எடுத்துவிடுவான். ஆனால் வண்டிக்குப் பின்னால் எதையும் இழுத்து ஓட்டியதில்லை.

தொண்ணூறைத் தொட்டதும் கேரவன் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு பிக்கப்பின் பின்பக்கத்தையே யாரோ பிடித்து உலுக்குவதுபோல. கௌஸ் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான்.

"என்னண்ணே இது, வாலாட்டுது?"

"பேசாம இரு." அழகுமலை ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி அப்படியே இருந்தார். வேகம் தானாகக் குறைந்தது. அறுபதுக்கு வந்ததும் ஆட்டம் அடங்கியது.

ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஜெனரேட்டர பின்னால கட்டியிருக்காங்க. தண்ணித் தொட்டியும் பின்னாலதான். முன்பாரம் கொறஞ்சுபோச்சு. பாரம் முன்னால இருந்தா வண்டி நம்ம பேச்சக் கேக்கும்டா தம்பி. பின்னால இருந்தா அது நம்மள ஓட்டும்."

"பிரேக்க போட்டா நின்னுறாதாண்ணே?"

"அதான் தப்பு. முன்வண்டி நிக்கும், பின்வண்டி நிக்காது. நம்மள முட்டித் திருப்பிரும். ஆடுறப்ப பிரேக்கத் தொடவே கூடாது."

வீட்டுக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து ஜெனரேட்டரை அவிழ்த்துப் பிக்கப்பின் தொட்டியில் ஏற்றினார்கள். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தார்கள். கனமான சாமான்களைக் கேரவனின் முன்பாகத்துக்கு நகர்த்தினார்கள். மறுபடி ஓட்டிப் பார்த்தபோது எண்பதிலும் ஆடாமல் வந்தது. அழகுமலைக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஜனவரியில் ஒரு காலை, சுபுஹு தொழுகை முடிந்ததும் புறப்பட்டார்கள். அபூ நாசரும் பெரியவர்களும் ஒரு ஜீப்பில். பெண்களும் பிள்ளைகளும் ஒரு வேனில். நாசர் இன்னொரு ஜீப்பில், அதை ஓட்டியது கௌஸ். கடைசியாகக் கேரவனை இழுத்துக்கொண்டு அழகுமலை தனியாக. முதல் நாள் நல்ல வெயில். எண்பதைத் தாண்டாமல் ஓட்டினார். பிற்பகல் அசர் தொழுகை நேரத்துக்கு ஹாயில் வந்து, அபூ நாசரின் சொந்தக்காரர் தோட்டத்தில் தங்கினார்கள்.

மறுநாள் காலையில் கேரவன் அவர் நிறுத்திவைத்த மாதிரி இல்லை. தங்குகிற இடத்தில் தண்ணீர் கிடைக்காது என்று யாரோ சொல்ல, நாசர் தொட்டியை நிரப்பி வைத்திருந்தான். தோட்டத்துக்காரர் அன்பாகக் கொடுத்த விறகுக் கட்டுகள் பின்கதவு வழியாக ஏற்றப்பட்டு அங்கேயே அடுக்கிக் கிடந்தன. அழகுமலை விறகை முன்னால் நகர்த்த ஆரம்பித்தார். அதற்குள் வேன் புறப்பட்டுவிட்டது. நாசர் ஹாரன் அடித்தான். வானிலை எச்சரிக்கை எல்லோர் போனிலும் வந்திருந்தது: வடமேற்கில் பலத்த காற்று, மழை, சில இடங்களில் ஆலங்கட்டி. பிள்ளைகளுக்கு அது நல்ல செய்தி. மலையில் நிச்சயம் பனி இருக்கும்.

"தண்ணிய மட்டும் எறக்கிருவோம் நாசர்" என்றார் அழகுமலை அரபியில்.

"அங்கே போய் எதைக் குடிப்பது? யல்லா, அழகு, யல்லா."

ஹாயிலைத் தாண்டி இரண்டு மணி நேரத்தில் வானம் மண் நிறமாகிவிட்டது. காற்று இடதுபக்கத்திலிருந்து வந்தது. வெட்டவெளி. தடுக்க ஒரு மரம் இல்லை, மேடு இல்லை. கேரவனின் நீண்ட வெள்ளைப் பக்கம் முழுவதும் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றது. அழகுமலை எழுபதுக்கு இறக்கினார். பிறகு அறுபது. மற்ற வண்டிகள் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டன. போன் அடித்தது. எடுக்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுக்கத் துணிவில்லை.

வறண்ட ஓடை ஒன்றின் மேல் நீளமான பாலம் வந்தது. பாலத்தின் பாதியில் காற்று ஒரே அடியாக அடித்தது. பின்னால் கேரவன் வலப்பக்கம் தள்ளிப்போனதைக் கண்ணாடியில் பார்த்தார். பிறகு இடப்பக்கம். அதன் முழு நீளமும் கண்ணாடியில் தெரிந்தது. நேராக வரும்போது அது தெரியக் கூடாது. பிக்கப்பின் பின்சக்கரங்கள் ஈரத் தார்ச்சாலையில் வழுக்கின. கால் தானாக பிரேக்கை நோக்கிப் போனது. அவர் காலை இழுத்துக்கொண்டார். "முருகா, முருகா" என்று வாய்விட்டுச் சொன்னபடி ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். பாலத்தின் கைப்பிடிச் சுவர் அரையடி தூரத்தில் வந்து விலகியது. நாலைந்து ஆட்டம் ஆடி, பாலம் முடிகிற இடத்தில் கேரவன் அடங்கியது.

அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் நிறுத்தி இறங்கினார்.  பள்ளிவாசலுக்கும் பக்காலா மளிகைக்கடைக்கும் நடுவில் இருந்த சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தார். இரண்டு கையும் நடுங்கின. தொடைக்கு அடியில் கைகளை வைத்து அழுத்திப் பார்த்தார். அப்படியும் நிற்கவில்லை.

முக்கால் மணி நேரத்தில் நாசரின் ஜீப் திரும்பி வந்தது. அப்போது பதினொரு மணி. வெளிச்சம் சாயங்காலம் மாதிரி இருந்தது.

"என்ன ஆச்சு? ஏன் போனை எடுக்கவில்லை?"

"காத்து அடங்குற வரைக்கும் இது நகரக் கூடாது. தண்ணிய எறக்கணும். இல்லேன்னா வண்டிய இங்கயே விட்டுட்டுப் போயிருவோம், நாளைக்கு நான் வந்து எடுத்துட்டு வர்றேன். பாலத்துல கவுந்திருக்கும் நாசர். அல்லா காப்பாத்துனாரு."

நாசர் வானத்தைப் பார்த்தான். கேரவனைப் பார்த்தான். போன் அடித்தது, அவன் அப்பா. தைமா ஊரில் எல்லோரும் வேனுக்குள் காத்திருக்கிறார்கள். சின்னப் பெண் வாந்தி எடுக்கிறாள். சாப்பாட்டுப் பாத்திரங்கள், கம்பளிகள், மருந்துப் பை எல்லாம் கேரவனில் இருக்கின்றன. தபூக்கில் இரண்டு குடும்பங்கள் இவர்களுக்காக இடம் பிடித்து வைத்திருக்கின்றன. நாசர் "தய்யிப், தய்யிப்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

"அழகு, உனக்கு வயதாகிவிட்டது. பயந்துபோயிருக்கிறாய்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "தைமாவுக்கு இன்னும் நூறு கிலோமீட்டர்தான். அங்கே போய் எல்லாவற்றையும் இறக்கிவிடலாம்."

"என்னால முடியாது."

பன்னிரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவர் முதல்முறையாகச் சொன்ன வார்த்தை அது.  நாசர் திரும்பி, ஜீப்பின் பக்கத்தில் நின்ற கௌஸைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

"நான் ஓட்டுறேன்" என்றான் கௌஸ், அரபியில்.

அழகுமலை எழுந்து அவன் கையைப் பிடித்துப் பள்ளிவாசல் சுவரோரம் இழுத்துப் போனார்.

"உனக்குக் கிறுக்கா? முடியாதுன்னு சொல்லு. ரெண்டு பேரும் முடியாதுன்னா என்ன செய்வான்? அவனா ஓட்டப்போறான்?"

"அவன் ஓட்ட மாட்டாண்ணே. ஆனா என் லீவு அவன் போன்லதான் கெடக்கு."

அது அழகுமலைக்கும் தெரியும். கௌஸின் கஃபீல், அதாவது அவனுக்கு விசா கொடுத்த அபூ நாசரின் தம்பி, வயதானவர். அவருக்காக எல்லாக் காகிதங்களையும் நாசர்தான் போனில் பார்ப்பான். கௌஸ் ஊருக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. பிப்ரவரியில் விடுமுறை என்று பேச்சு. நாசர் ஆப்பைத் திறந்து ஒரு இடத்தில் தட்டினால் போதும், ஊர் போய்வர அனுமதி வந்துவிடும். இரண்டு மாதமாக "நாளைக்கு, இன்ஷா அல்லா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"அவன் அப்படிப்பட்டவன் இல்லடா. இதுக்காக லீவ நிறுத்த மாட்டான்."

"நிறுத்த மாட்டான். மறந்துருவான். ரெண்டும் ஒண்ணுதானேண்ணே." கௌஸ் சிரிக்கப் பார்த்தான். "நூறு கிலோமீட்டர்தானே. அம்பதுலயே போறேன். நீங்க சொல்லிக் குடுங்க."

அந்த நேரத்தில் அழகுமலை ஒன்று சொல்லியிருக்கலாம். சரி, நானே ஓட்டுகிறேன் என்று. அந்த வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. பதினோரு வருஷம் இழுவை வண்டி ஓட்டியவர் அவர். காற்றடித்தாலும் ஆடினாலும் என்ன செய்ய வேண்டும் என்று அவர் காலுக்கே தெரியும். ஆனால் பாலத்துக் கைப்பிடிச் சுவர் கண்ணுக்குள்ளேயே நின்றது. அவர் வாயிலிருந்து வேறு வார்த்தைகள் வந்தன.

"ஆட ஆரம்பிச்சா பிரேக்கத் தொடாத. ஆக்ஸிலேட்டர மட்டும் விடு. ஸ்டியரிங்க ஒடிக்காத, நேரா பிடி. லாரி தாண்ட வந்தா முன்னாலயே வேகத்தக் கொறச்சிரு. பாலத்துல நாப்பதுக்கு மேல போகாத. வெளங்குதா?"

"பிரேக்கத் தொடக் கூடாது. நேரா பிடிக்கணும். வெளங்குதுண்ணே."

"இன்னொருக்கா சொல்லு."

அவன் இன்னொரு தரம் சொன்னான்.

நாசர் பக்காலாவுக்குள் டீ வாங்கப் போனபோது அழகுமலை கேரவனின் அடியில் படுத்துத் தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டார். விறகுக் கட்டுகளை இருவரும் முன்னால் கடத்தினார்கள். ஆறு கட்டு நகர்ந்திருக்கும். தொட்டி பாதிதான் காலியாகியிருந்தது. நாசர் டீக் கப்புகளோடு வந்து, தண்ணீர் ஓடுவதைக் கண்டு, "கலாஸ், போதும்" என்றான். அழகுமலை குழாயை மூடினார்.

கேரவன் முன்னால் போக, பின்னால் ஜீப்பை அழகுமலை ஓட்ட, பக்கத்தில் நாசர். கௌஸ் சொன்னபடி ஐம்பதில்தான் போனான். அழகுமலை அதன் பின்பக்கத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. லேசாக ஆடும், அடங்கும். ஆடும், அடங்கும். ஒவ்வொரு தடவையும் அவன் ஆக்ஸிலேட்டரை விடுவது அவருக்குத் தெரிந்தது. நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அரை மணி நேரம் அப்படிப் போனது. நாசர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஆலங்கட்டி விழுந்தது. கண்ணாடியில் பொரி கொட்டுவதுபோலச் சத்தம். சாலை ஒரு நிமிடத்தில் வெளுத்துவிட்டது. நாசர் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பெரிய லாரி வந்து அவர்களைத் தாண்டிக் கேரவனையும் தாண்டியது. லாரி பக்கத்தில் இருந்த வரைக்கும் காற்று மறைந்திருந்தது. லாரி விலகியதும் மொத்தக் காற்றும் ஒரே நேரத்தில் அடித்தது.

கேரவனின் வால் வலப்பக்கம் போனது. இடப்பக்கம் வந்தது. முன்னைவிட அதிகமாக வலப்பக்கம் போனது.

"விடு, கால எடு, கால எடு" என்று அழகுமலை ஜீப்புக்குள் கத்தினார்.

கேரவனின் பின்விளக்குகள் இரண்டும் பளிச்சென்று சிவப்பாக எரிந்தன.

பிக்கப் குறுக்கே திரும்பியதை அவர் பார்த்தார். கேரவன் அதை முட்டித் தள்ளிக்கொண்டே சாலையைவிட்டு இறங்கியது. இரண்டும் சேர்ந்து சரிவில் உருண்டன. கேரவனின் சுவர் பிளந்து கம்பளிகளும் தட்டுகளும் விறகும் மண்ணில் சிதறின.

கௌஸுக்கு உயிர் இருந்தது. நெஞ்சுக்குக் கீழே தகரம் நெளிந்து அவனைப் பிடித்திருந்தது. அழகுமலையால் கதவைத் திறக்க முடியவில்லை. உடைந்த கண்ணாடி வழியாகக் கையை விட்டு அவன் தலையைத் தாங்கிக்கொண்டார். ஆலங்கட்டி அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. மேலே சாலையில் நாசர் ஆம்புலன்சுக்குப் போன் செய்து அலறிக்கொண்டிருந்தான்.

"பிரேக்க மிதிச்சிட்டேண்ணே" என்றான் கௌஸ்.

"பரவாயில்லடா. பேசாத. வந்துருவாங்க."

"நீங்க சொன்னீங்க. கால் போயிருச்சுண்ணே."

"எனக்கும்தான்டா போச்சு. எல்லாருக்கும் போகும்."

அதற்குப் பிறகு அவன் கலிமா சொல்ல முயன்றான். அழகுமலைக்கு அது முழுதாகத் தெரியாது. ஐந்து வருஷம் ஒரே அறையில் கேட்டிருந்ததில் தெரிந்ததை அவன் காதருகில் சொன்னார். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. அவன் அதுவரை இருக்கவில்லை.

தைமா போலீஸ் நிலையத்தில் இருந்த அதிகாரி மரியாதையானவர். அழகுமலைக்குப் போர்த்திக்கொள்ளக் கம்பளி கொடுத்து டீ வரவழைத்தார். அழகுமலை எல்லாவற்றையும் சொன்னார். டயரின் வயது, அறுந்த ஒயர், இல்லாத கம்பி, பின்பாரம். அதிகாரி தலையசைத்துக்கொண்டே கேட்டார். பிறகு நாசரிடம், ஓட்டத் தெரியாதவனிடம் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

நாசரின் கண்கள் வீங்கியிருந்தன. "நான் ஓட்டச் சொல்லவில்லை. அவனே ஓட்டுகிறேன் என்றான்."

அதிகாரி அழகுமலையிடம் திரும்பினார். "அப்படித்தானா?"

அழகுமலை நாசரைப் பார்த்தார். அவன் பொய் சொல்லவில்லை. பெட்ரோல் பங்கில் நடந்ததை வார்த்தைக்கு வார்த்தை சொன்னால் அதுதான் வரும். அந்தப் பார்வையை எப்படி அரபியில் சொல்வது?

"ஆமா" என்றார்.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. மோசமான வானிலை, ஓட்டுநரின் அனுபவமின்மை, திடீர் பிரேக். தவறு நூறு விழுக்காடும் ஓட்டுநருடையது. டயரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

கௌஸின் மனைவி ஹிஃப்ஸாவுக்கு முதல் செய்தியைச் சொன்னதும் அழகுமலைதான். அன்று அவர் அதிகம் பேசவில்லை. காற்றும் மழையும், வண்டி கவிழ்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் போன் கைமாறிக் கைமாறி, பலர் அழுகிற சத்தம் கேட்டது. அங்கேயே அடக்கம் செய்யலாமென்று ஊரிலிருந்து சம்மதக் கடிதம் வர இரண்டு வாரம் ஆனது. தைமாவில்தான் அடக்கினார்கள். நாசரும் அவன் தம்பிகளும் வந்து கபருக்குள் இறங்கி மண் போட்டார்கள். அழகுமலை கபர்ஸ்தான் மதிலுக்கு வெளியே நின்று பார்த்தார். நாசர் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவரும் அழுதார். யாரையும் வெறுக்க முடியாமல் இருந்தது அவருக்குப் பெரிய பாரமாக இருந்தது.

பிப்ரவரிக் கடைசியில் ஹிஃப்ஸா கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். எங்க ஊர் ஆளு ஒருத்தவுக அங்க விசாரிச்சிட்டுச் சொன்னாக. அந்த வண்டிய மச்சான் ஓட்டுனதே இல்லயாமே. நீங்கதான் ஓட்டிக்கிட்டு வந்தீகளாமே."

"ஆமாம்மா."

"நீங்க ஓட்ட மாட்டேன்னு சொன்னீகளா?"

"சொன்னேன். வண்டி சரியில்ல. காத்து. நான் சொன்னேன், அவன்ட்டயும் சொன்னேன், வேணாம்னு."

 பின்னால் ஒரு குழந்தை எதையோ கேட்டு நச்சரிக்கும் சத்தம் வந்தது. ஸஹ்ரா. நாலு வயது. அப்பாவைக் கைக்குழந்தையாய் இருந்தபோது பார்த்தது.

"நீங்க ஓட்டியிருந்தா கவுந்திருக்காதுல்லண்ணே?" என்று ஹிஃப்ஸா கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

அழகுமலை இந்தக் கேள்வியை அதற்கு முன்பே நூறு தடவை கேட்டுக்கொண்டவர். பாலத்தில் அடக்கியவர் அங்கேயும் அடக்கியிருக்கலாம். அடக்காமலும் போயிருக்கலாம். இன்னொன்றும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. தொட்டி நிறைந்திருந்தால் தண்ணீர் அசையாமல் நிற்கும். பாதித் தொட்டியில்தான் அலையடிக்கும், இருபக்கமும் மோதும். டேங்கர் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நல்லது செய்வதாக நினைத்துத் தானே குழாயைத் திறந்துவிட்டது அவருக்கு நினைவு வராத நாள் இல்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"தெரியலம்மா" என்றார்.

"சரிண்ணே" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

ஒரேயடியாக ஊருக்குப் போய்விடுகிறேன் என்று அழகுமலை ஒருமுறை அபூ நாசரிடம் கேட்டார். பெரியவர் அவர் கையைப் பிடித்து, நீயும் போய்விட்டால் எப்படி, ரமலான் முடியட்டும் என்றார். ரமலான் முடிந்தது. பள்ளிக்கூடம் நடந்தது. காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார், மதியம் கூட்டிவந்தார். மழை பெய்தால் முப்பதில் ஓட்டினார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

அடுத்த நவம்பரில் அபூ நாசரைத் தைமா வழியாகத் தபூக்குக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தது. அது தெரிந்து ஹிஃப்ஸாவுக்கு ஒரு செய்தி அனுப்பினார். அவளிடமிருந்து மாதக்கணக்காகப் பேச்சில்லை. உடனே பதில் வந்தது: மாமி கபரைப் பார்க்கணும்கிறாக, வீடியோவில் காட்டுங்க அண்ணே.

அபூ நாசர் பள்ளிவாசலில் மதிய லுஹர் தொழுகையில் இருந்த நேரத்தில் அழகுமலை கபர்ஸ்தானுக்குப் போனார். கேட் திறந்திருந்தது. உள்ளே வரிசை வரிசையாக மண்மேடுகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரு கருங்கல். பெயர் இல்லை, எண் இல்லை. அடக்கம் நடந்த அன்று கிழக்கு மதில் பக்கமாகப் போன வரிசைகளில் கௌஸுடையதுதான் கடைசி என்று அவருக்கு நினைவு. இப்போது அதற்கப்பால் இன்னும் நான்கு வரிசைகள் இருந்தன. இடையில் பெய்த மழையில் சில மேடுகள் தரையோடு கரைந்திருந்தன. மூன்று தடவை நடந்து பார்த்தார். காவல்காரர் சூடான்காரர், மூன்று மாதத்துக்கு முன்புதான் வேலைக்கு வந்தவர். "அல்லாவுக்குத் தெரியும், அது போதும்" என்றார்.

போன் அடித்தது. வீடியோ. ஹிஃப்ஸாவின் முகம், அவள் தோளுக்குப் பின்னால் முக்காடிட்ட ஒரு கிழவி, மடியில் ஸஹ்ரா. மூவரும் திரையை நெருங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுண்ணே?" என்றாள் ஹிஃப்ஸா.

அழகுமலை போனைத் திருப்பினார். முன்னால் இருந்த மேடுகளில் ஒன்றைப் பார்த்து நீட்டினார். போன் ஆடாமல் இருக்க மறுகையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இதுதாம்மா" என்றார்.

கிழவி ஓத ஆரம்பித்தாள். அவள் ஓதி முடிக்கும்வரை அவர் போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.